பின்னட்டையில் எழுத வேண்டிய பெயர்கள்

கீழ்பென்னாத்தூரிலும் சோமாசிபாடி, வேட்டவலம், அவலூர்ப்பேட்டைப் பக்கங்களிலும் கித்தார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேராகச் சேர்ந்து வாசிக்கிற, வாசிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு,



உங்களில் சிலர் கல்யாணக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டு வாசிக்கிறீர்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்துக் கை பழகியவர்கள். சிலர் கல்லூரி விடுதியில் செல்போனைப் பார்த்தே ஸ்கேல் கற்றுக்கொண்டவர்கள். எந்த வழியில் வந்திருந்தாலும் ஆசை ஒன்றுதான். ப்ளூஸை அடித்தளமாக வைத்து, சத்தமாக, அழுத்தமாக ராக் வாசிக்க வேண்டும். சொந்தமாகப் பாட்டுக் கட்ட வேண்டும். ஓர் ஆல்பம் போட வேண்டும். அந்த முதல் ஆல்பத்தைப் பற்றி, குறிப்பாக அதன் பின்னட்டையில் இடம்பெற வேண்டிய பெயர்களைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு சேதி உண்டு.

மூவர் குழு என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது லண்டனின் 'கிரீம்' குழுவைத்தான். 1966 ஜூலையில் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'ஃப்ரெஷ் கிரீம்' என்ற முதல் ஆல்பம் வந்துவிட்டது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத குழு அது. ஆனால் அந்த மூவரும் புதியவர்கள் அல்லர். கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவில் வாசித்துப் பெயர் எடுத்திருந்தார். புரூஸ் செல்லோ படித்தவர். பேக்கர் ஜாஸ் டிரம்மர். புரூஸும் பேக்கரும் அதற்கு முன்பே ஒரே குழுவில் இருந்தவர்கள், ஒருவரோடு ஒருவர் ஓயாமல் சண்டை போட்டவர்களும்கூட. அந்த உரசலும் அந்த இசையில் கேட்கிறது.

மூவர் குழுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. இரண்டாவது கித்தாரோ கீபோர்டோ இருந்தால், ஒருவர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது மற்றவர் கீழே கார்டு பிடித்துக்கொண்டிருப்பார். மூவர் குழுவில் கித்தார் மேலே ஏறினால் கீழே மிஞ்சுவது பேஸும் டிரம்ஸும் மட்டும்தான். அதனால் பேஸ் வாசிப்பவர் தாளத்துக்குக் காவல் நிற்பதோடு விட முடியாது, இரண்டாவது மெட்டு ஒன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. புரூஸ் அதைத்தான் செய்தார். பேக்கர் அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டை ஏறக்குறைய முழுவதும் டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்துக்கே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலும் இதே கணக்குதான். அதில் பேஸ் வாசித்த நோயல் ரெட்டிங், கித்தார்க்காரராக வந்து பேஸுக்கு மாறியவர். உங்களில் யார் பேஸ் எடுப்பது என்று பேச்சு வரும்போது, கித்தாரில் தோற்றவரிடம் அதைத் தள்ளிவிடாதீர்கள். மூவரில் நல்ல காது உள்ளவர் எடுக்கட்டும்.

'ஃப்ரெஷ் கிரீம்' ஆல்பத்தில் ஏறக்குறைய பாதிப் பாட்டுகள் அந்த மூவரும் எழுதியவை அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பின இசைஞர்களிடமிருந்து வந்தவை. ஒன்று ராபர்ட் ஜான்சன் 1937இல் டெக்சாஸில் பதிவு செய்தது. அவர் மறு ஆண்டே, 27 வயதில் இறந்துபோனார். ஒன்று வில்லி டிக்சன் எழுதி, ஹௌலின் உல்ஃப் 1960இல் பாடியது. ஒன்று மடி வாட்டர்ஸ் பெயரில் வந்தது. ஆனால் அந்தப் பாட்டை 1929லேயே ஹாம்போன் வில்லி நியூபெர்ன் பாடிப் பதிவு செய்திருந்தார். இன்னொன்றுக்கு வெறுமனே 'மரபுப் பாட்டு' என்று போட்டார்கள். அதை அதற்கு முன்பே டாக்டர் ராஸ் என்ற கலைஞர், வாயில் ஹார்மோனிகாவோடு, தன்னந்தனியாக வாசித்துப் பதிவு செய்திருந்தார்.

இந்த நான்கையும் நான் இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆல்பத்தின் பின்னட்டையில் நான்கு விதமான நியாயம் நடந்திருக்கிறது. ஒருவருக்குப் பெயர் கிடைத்தது, ஆனால் அப்போது உயிரோடு இல்லை. ஒருவருக்குப் பெயரும் உயிரும் இருந்தன. ஒருவருக்குப் பெயர் கிடைத்தது, அவருக்கும் முன்னவர் மறைந்துபோனார். இன்னொருவர் 'மரபு' என்ற சொல்லுக்குள் காணாமலே போனார்.

ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் ஸ்கிப் ஜேம்ஸ். மிசிசிப்பியில் பென்டோனியா என்ற சின்ன ஊர்க்காரர். 1931 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊருக்குப் போய், பாராமவுண்ட் கம்பெனிக்காகக் கித்தாரிலும் பியானோவிலும் பாட்டுகள் பதிவு செய்தார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். இசைத்தட்டுகள் விற்கவில்லை. அவர் பாட்டை விட்டுவிட்டு வேறு வேலைகளுக்குப் போனார். முப்பது ஆண்டுக்கு மேல் அவரை யாரும் தேடவில்லை. 1964இல் மூன்று இளைஞர்கள் தேடிக்கொண்டு போனபோது, டுனிகா என்ற ஊரின் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் மேடையேறினார். இரண்டு ஆண்டு கழித்து கிரீம் குழு அவருடைய பழைய பாட்டு ஒன்றை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் முழங்க வாசித்தது. பின்னட்டையில் அவர் பெயரைப் போட்டது. அந்தப் பெயர் இருந்ததால் ராயல்டி வந்தது, புற்றுநோயோடு போராடிய காலத்தில் மருத்துவச் செலவுக்கு உதவியது. 1969 அக்டோபரில் அவர் இறந்தார்.

அட்டையில் அச்சான ஒரு பெயர் ஒரு மனிதரின் வைத்தியச் செலவாக மாறியிருக்கிறது. நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான்.

பெயர் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. லெட் செப்பெலின் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டு ஒன்று, மடி வாட்டர்ஸுக்காக வில்லி டிக்சன் எழுதிய பாட்டிலிருந்து எடுத்தது. அட்டையில் டிக்சன் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது, பிறகு பெயரும் சேர்ந்தது. எழுபது வயது மனிதர், தன் பாட்டு தன்னுடையது என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. உலகமே கொண்டாடும் இசைதான் அது. ஆனாலும் இந்தக் கணக்கை நான் மன்னிக்க மாட்டேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

நீங்கள் மூவர் குழு என்று சொன்னதும் எனக்கு லண்டனுக்கு முன்னால் நினைவுக்கு வருவது பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு. நம் வடாற்காட்டுப் பகுதியின் மூவர் குழு அது. குலதெய்வப் படையலானாலும் அம்மன் கோயில் திருவிழாவானாலும் அவர்கள் வராமல் சாமி வருவதில்லை. பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு முழவுகள்: ஒன்று மரம், ஒன்று வெண்கலம். இரண்டும் இரண்டு குரல். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கும்போது உறுமலும் வெடிப்பும் மாறி மாறி வரும். உங்கள் டிரம்ஸில் பாஸ் டிரம்முக்கும் ஸ்னேருக்கும் இருக்கிற பேச்சு அதில் எப்போதோ நடந்திருக்கிறது. உடுக்கையைப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கிய சின்ன வாத்தியம். நடுவில் இருக்கும் கயிற்றை இடது கை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ப்ளூஸ் கித்தார்க்காரர் தந்தியை மேலே தள்ளி, இரண்டு சுரத்துக்கு நடுவில் அழுகிற இடத்தைப் பிடிக்கிறாரே, அதே வேலையை உடுக்கைக்காரர் தோலிலும் கயிற்றிலும் செய்கிறார். பக்கத்தில் கைச்சிலம்பு, உள்ளே பரல் போட்ட பித்தளை வளையம், நேரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இவை மூன்றுக்கும் மேலே குரல். அம்மனை வர்ணித்து அழைக்கும் அந்த வர்ணிப்பு, அடியை எடுத்து, திருப்பிப் பாடி, ஏற்றி, உடைத்து, மறுபடியும் எடுக்கிறது. மிசிசிப்பி ப்ளூஸும் ஓர் அடியைப் பாடி, அதையே இன்னொரு முறை பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்லும். இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. இரண்டும் உழைத்துக் களைத்த மனிதர்கள் இரவில் கண்டுபிடித்தவை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இங்கிருந்து மேல்மலையனூர் தூரமில்லை. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்குப் போயிருப்பீர்கள். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கும் போயிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் மைக்கே இல்லாமல் ஒரு பம்பை எத்தனை தூரம் போகிறது என்று கவனியுங்கள். அந்த ஓசையின் நடுவே நின்று கேட்ட பிறகுதான் கன ராக் என்பதன் கனம் எனக்குப் புரிந்தது.

நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் தெருக்கூத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வருகிறார்கள். ஹார்மோனியமும் மத்தளமும் முகவீணையும் வைத்துக்கொண்டு விடியும்வரை ஒரு குரலைத் தாங்குவது எப்படி என்று அவர்களிடம் கற்கலாம். மல்லாட்டை பிடுங்கும் போதும், நாற்று நடும் போதும் பாடிய பாட்டுகள் நம் பாட்டிமாரிடம் இன்னும் மிச்சம் இருக்கின்றன. சாவு வீட்டு ஒப்பாரி இருக்கிறது. பறை இருக்கிறது.

பறை என்று சொல்லிவிட்டு சாதியைச் சொல்லாமல் போக முடியாது. மிசிசிப்பியில் அந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்தவர்கள். இங்கே தோலை முழக்கியவர்களை ஊர் தெருவுக்கு வெளியே நிறுத்தியது, சாவுக்கு மட்டும் அழைத்தது, கூலியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது, கானாவும் பறையும் ராக் கித்தாரும் ராப்பும் ஒரே வரிசையில், சமமாக நின்றன. அந்த நிற்றலுக்கு நம் இசை வரலாற்றில் இடம் உண்டு. உங்கள் டிரம்ஸுக்குப் பின்னணியில் ஒரு நிமிடம் பறை வந்து போனால் 'மண்வாசனை' ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாத்தியத்தை வைத்துக்கொண்டு வாசித்தவரை வெளியே விடுவது பழைய தீண்டாமைக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவது.

அரக்கோணம் அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. அவருடைய பாட்டி சொன்ன கதைகளில், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் வாழ்வில், ஒப்பாரியில் பிறந்த பாட்டு அது. உலகமெங்கும் கேட்டார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், அந்தப் பாட்டின் வெற்றியைக் கொண்டாடிய பத்திரிகை அட்டை ஒன்றில் அறிவு இல்லை. அதை ஒட்டி எழுந்த விவாதம் பாட்டை யார் கட்டினார், யாருடைய கதை, யாருக்கு என்ன கிடைத்தது என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2024இல், தனக்கு அந்தப் பாட்டிலிருந்து வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெளிப்படையாகச் சொன்னார். இத்தனை புகழ்பெற்ற, இத்தனை பேருக்குத் தெரிந்த ஒரு பாட்டிலேயே இப்படி என்றால், ஒரு கிராமத்துப் பம்பைக்காரரின் வர்ணிப்பை எடுத்து நீங்கள் ஓர் அறிமுக இசையாக வைத்தால் அவருக்காக யார் பேசுவார்?

சட்டம் கொஞ்சம் பேசும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும், உரிமையை விற்ற பிறகும் ராயல்டியில் சம பங்கு கேட்கலாம். அந்தப் பங்கை அவர்களே விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. வாசித்தவருக்கும் பாடியவருக்கும், வியாபாரமாகப் பயன்படுத்தினால் ராயல்டி பெறும் உரிமையை அதே திருத்தம் தந்தது. எழுதியவர் உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நிற்கும். நீங்கள் உங்கள் சொந்தப் பாட்டுகளை ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

ஆனால் வாய்வழி வந்த பாட்டுக்கு ஆசிரியர் யார் என்று சட்டத்துக்குத் தெரியாது. ஆசிரியர் இல்லை என்றால் உரிமையும் இல்லை. அதனால்தான் எத்தனையோ சினிமாப் பாட்டுகள் 'நாட்டுப்புறப் பாடல்' என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டன. டாக்டர் ராஸ் தொலைந்துபோன அதே இடம் இது. யூடியூபில் தேடிப் பாருங்கள். பம்பை வர்ணிப்புப் பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. பலவற்றில் சேனல் பெயர் பெரிதாக இருக்கும், பாடியவர் பெயர் இருக்காது. சட்டம் கைவிட்ட அந்த இடத்தில் நீங்கள் நின்றாக வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஒருவர் பாடிய வர்ணிப்பின் மெட்டையோ, ஒருவர் அடித்த பம்பை நடையையோ எடுத்து ஒரு பாட்டுக் கட்டினால், அவரைக் கூட்டாக மெட்டுப் போட்டவர் என்று பதிவு செய்யுங்கள். உங்களில் ஒருவர் மட்டும் அவரோடு சேர்ந்து கட்டினால் பாதி கொடுங்கள். நீங்கள் மூவரும் அவரும் சேர்ந்து நால்வர் ஆனால் கால் பங்கு கொடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, இரு பக்கமும் கையெழுத்து போட்டு, ஒரு படி அவர் கையில் இருக்கட்டும். ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்தால் அன்றைய சம்பளத்தை அன்றே, நீங்கள் வாடகைக்கு எடுக்கிற பொறியாளருக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுங்கள். பாட்டை இணையத்தில் ஏற்றும்போது, இசை, வரி, வாத்தியம் என்று நிரப்பச் சொல்லும் கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் அவசரத்தில் அங்கேதான் தவறுகின்றன. அதில் எழுதியதுதான் பின்னால் பணம் போகும் பாதை.

இப்படிச் செய்தால் இசை பலவீனமாகும் என்று பயப்பட வேண்டாம். ஸ்டீவி ரே வானின் குழுவைப் பாருங்கள், டெக்சாஸ்காரர்கள், பேஸில் டாமி ஷானன், டிரம்ஸில் கிரிஸ் லேட்டன். 1982இல் மான்ட்ரோ விழாவில் கூட்டத்தில் ஒரு பகுதி அவர்களைக் கூச்சலிட்டுக் கேலி செய்தது. ஆனால் அங்கே அவர்கள் வாசிப்பைக் கேட்ட ஜாக்சன் பிரவுன் என்ற பாடகர், லாஸ் ஏஞ்சலிஸில் தன் ஸ்டுடியோவை இலவசமாகத் தந்தார். அந்த நவம்பரில் இரண்டு மூன்று நாளில், ஒரே அறையில் சேர்ந்து வாசித்தே முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அத்தனை ஆண்டுகள் மதுக்கடை மேடைகளில் வாசித்த பழக்கம் அந்த இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கிறது. 1983இல் வந்த அந்த ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'டெக்சாஸ் ஃப்ளட்'; லாரி டேவிஸ் 1958இல் பதிவு செய்த பாட்டின் பெயர். முதல் ஆல்பத்தின் நெற்றியிலேயே இன்னொருவரின் பாட்டு. அதனால் ஸ்டீவி சிறியவராகிவிடவில்லை.

அதே டெக்சாஸின் இன்னொரு மூவர் குழு 'ஸீஸீ டாப்'. 1971இல் முதல் ஆல்பம். புகழின் உச்சிக்குப் போன பிறகு, அவர்களில் பில்லி கிப்பன்ஸ் மிசிசிப்பிக்குப் போனார். மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரவீட்டின் உத்திரத்துண்டு ஒன்றைக் கித்தாராகச் செய்யச் சொல்லி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், கிளார்க்ஸ்டேலில் இருக்கும் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட உதவினார்கள். கடனை அடைப்பது இப்படியும் நடக்கும்.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் இருக்கிறது. ஷில்லாங்கின் 'சோல்மேட்' குழு 2003இல் தொடங்கியது. ரூடி வாலாங்கின் கித்தார், டிப்ரிட்டி கர்பாங்கரின் குரல். முதல் ஆல்பத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயரையே, 'ஷில்லாங்' என்றே வைத்தார்கள். 2007இல் மெம்ஃபிஸ் நகரின் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனார்கள். மலையூர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயரை அங்கே சொல்ல வெட்கப்படவில்லை. நீங்கள் கீழ்பென்னாத்தூர் என்று சொல்லத் தயங்குவதை நான் கேட்டிருக்கிறேன். சென்னை என்று சொன்னால் மேடை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். செஞ்சிக் கோட்டைக்கும் அண்ணாமலைக்கும் நடுவில், திண்டிவனம் சாலையில் இருக்கிற நம் ஊருக்கு அந்த மறைப்பு தேவையில்லை.

தமிழில் பாடுங்கள். ஆங்கிலத்தில் மிசிசிப்பி நதியைப் பற்றிப் பாடுகிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, ஒரு கட்டம் வரை அது கை பழகும் வழி. ஆனால் முதல் ஆல்பத்தில், விலை வீழ்ந்த மல்லாட்டை மூட்டையும், வறண்ட ஏரியும், சென்னைக்குப் போன அண்ணனின் காலி அறையும், பெங்களூர் பஸ்ஸும் வரட்டும். ப்ளூஸ் எப்போதும் பாடியவர் தெருவின் பெயரைச் சொல்லித்தான் பாடியிருக்கிறது.

வரும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும்போது கித்தாரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாசித்து முடித்த பம்பைக்காரர் டீ குடிக்கும் நேரம் பார்த்துப் போய், வணங்கி, உங்களை யார் என்று சொல்லுங்கள். போனை எடுத்துப் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். சரி என்றால், அவர் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர், ஊர் மூன்றையும் அவர் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். 'அய்யா, உங்கள் பெயரை அட்டையில் எப்படிப் போட வேண்டும்?' என்று கேளுங்கள். அதன் பிறகு ஒத்திகையைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் இசையைக் கேட்கக் காத்திருக்கும் ஒருவர்